காத்திருப்பவர்களிடமே பொறுமை கேட்கலாமா?

நுவரெலியாவிலிருந்து இராகலை போகும் வழியில் இருக்கிறது கந்தப்பளை. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். ஆனாலும் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தின் ஒரு காம்பராவில் முருகன் படமும் பக்கத்துக் காம்பராவில் மாதா படமும் இருப்பது இங்கே வழக்கமான காட்சி. திருச்சபை நாட்காட்டியில் ஆண்டுக்கு இரண்டு ஆயத்தக் காலங்கள் உண்டு. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக்காலம் காத்திருக்கச் சொல்கிறது. விபூதிப் புதனில் தொடங்கும் தவக்காலம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. நினைத்ததை உடனே பெறுகிறவருக்கு இரண்டும் நல்ல மருந்துதான். தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தும் குறைத்துக்கொண்டும் வாழ்ந்தவர்களிடம் அதையே கேட்டால் என்ன பொருள்? இந்த மலைகளில் இக்காலங்களின் அழைப்பு முதலில் போய்ச் சேர வேண்டியது, பிறரைக் காக்கவைப்பவர்களிடம் என்பதே என் வாதம்.

மலையக மக்களின் காத்திருப்புக்கு ஆண்டுக் கணக்கு இருக்கிறது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, மேலும் 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. எஞ்சியவர்களுக்கும் வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2021இல் கிடைத்தது. அதற்குள் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. லயம் இருக்கும் நிலத்துக்கு உரிமை கேட்பவர்கள் இன்றும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலைநாடெங்கும் மண் சரிந்தது. அந்த ஆண்டின் திருவருகைக்காலம் தொடங்கியது நவம்பர் 30இல். மூன்றாம் ஞாயிறான டிசம்பர் 14க்குக் குறிக்கப்பட்டிருந்த வாசகம் யாக்கோபு திருமுகம் 5ஆம் அதிகாரம், 7 முதல் 10 வரை. மழையை எதிர்பார்த்திருக்கும் பயிரிடுபவரைப் போலப் பொறுமையாயிருங்கள் என்பது அதன் சாரம். மழையே மலையை இறக்கிய இடத்தில் இதைக் கேட்பது எளிதல்ல. வாசகம் எங்கே தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வயலில் உழைத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வர்களை யாக்கோபு கண்டிப்பது அதே அதிகாரத்தின் நான்காம் வசனத்தில். திருச்சபை அதை மறைக்கவில்லை. கத்தோலிக்க வாசக அட்டவணையில் அது வேறோர் ஆண்டின் பொதுக்கால ஞாயிறு ஒன்றில் வருகிறது. ஆனால் பொறுமையை ஒரு நாளிலும் கூலியை இன்னொரு நாளிலும் கேட்பவருக்கு இரண்டும் தொடர்பில்லாதவையாகத் தெரியும். பத்தாம் வசனத்தில் பொறுமைக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுபவர்கள் இறைவாக்கினர்கள். அவர்கள் வாய்மூடி இருந்தவர்களா என்ன?

தவக்காலத்துக்கும் இதே பார்வை பொருந்தும். விபூதிப் புதனுக்கு அடுத்துவரும் வெள்ளிக்கிழமை எசாயா 58 வாசிக்கப்படுகிறது. வேலையாட்களைக் கசக்கிக்கொண்டே நோன்பிருப்பவர்களின் நோன்பைக் கடவுள் ஏற்பதில்லை என்கிறது அந்தப் பகுதி. தோட்டத்துக்கு வந்தால் இதை விளக்கவே வேண்டாம். குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் விழாவிட்டால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், கிடைக்காது. உறைபனி கொழுந்தைக் கருக்கும் காலத்தில் அந்த நிறை சேர்வதும் கடினம். சம்பளம் குறைந்த மாதத்தில் வீட்டில் நடப்பது ஒருசந்தி அல்ல, பட்டினி.

வழிபாட்டில் அரசியலைக் கலக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தவமுயற்சி உள்ளத்தோடும் தனிமனிதரோடும் நின்றுவிடக்கூடாது, சமூகத்தன்மையும் கொண்டிருக்க வேண்டும் என்று 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தவம் பற்றிய ஆவணத்தில், வசதி மிகுந்த நாடுகள் தன்னொறுத்தலுக்குச் சாட்சி பகர வேண்டும் என்றார். வறிய நாடுகளின் கிறிஸ்தவர்கள் சமூக நீதிக்காக எல்லா வழிகளிலும் முயன்றுகொண்டே தங்கள் துன்பத்தைச் செபத்தில் ஒப்புக்கொடுக்கலாம் என்றார். 1972இல் இயேசு சபைக் குரு பவுல் காஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கித் தோட்ட மக்களின் உரிமைகளுக்காக உழைத்ததும் இந்த வழியில்தான்.

அப்படியானால் தொழிலாளிக்குத் தவமே வேண்டாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஏழை என்பதற்காக ஒருவரை மனமாற்றத்திலிருந்து விலக்கிவைப்பது அவரை மதிப்பதாகாது. சம்பள நாளன்று சாராயத்துக்குப் போகும் பணமும் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த பெண்ணின் தலையிலேயே விழும் சமையலும் லயத்துக்குள்ளேயே கேட்கப்பட வேண்டிய தவக்காலக் கேள்விகள். பாரமான வேலை செய்பவரை நோன்புக் கட்டளையிலிருந்து விலக்கும் மரபு திருச்சபையில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆகவே மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண் உணவைக் குறைக்கத் தேவையில்லை; அவளுடைய கணவன் குடியைக் குறைப்பதும் அடுப்படியில் கைகொடுப்பதும் அந்த நாற்பது நாட்களுக்குப் போதுமான ஒறுத்தல். இதைக் கோயிலில் சொல்லும் குருவானவர், நிறுவை பற்றித் தோட்ட நிர்வாகத்திடமும் பேசுபவராக இருந்தால் லயத்து ஆண்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.