தடைக்காலத்தில் யார் திருடன்?

ஜூன் பிறந்ததும் கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியில் மீன்பிடித் தடை தொடங்கிவிடும். செப்டம்பர் 30 வரை நான்கு மாதம். தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இது. கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கிக் கிடப்பது, வெள்ளக் காலத்தில் 15,000 வரை விரியும். ஏரி நீரை மேகொங் ஆற்றுக்குக் கொண்டுபோகும் தோன்லே சாப் ஆறு, மேகொங் பெருகும்போது திசை திரும்பி ஏரிக்குள் பாய்கிறது. அந்தப் புதுவெள்ளத்தோடு மீன்குஞ்சுகள் வந்து, கரையோரம் மூழ்கி நிற்கும் காட்டுக்குள் புகுந்து மேய்ந்து வளர்கின்றன. அப்போது வலை போட்டால் அடுத்த பருவத்தின் மீன்பாட்டை இப்போதே அள்ளிவிடுவதாகும். தடை அவசியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்தத் தடையின் சுமை யார் தலையில் விழுகிறது?

தூண்டில், சிறு வலை, சிறு கூடு போன்றவற்றால் வீட்டுச் சாப்பாட்டுக்கு மீன் பிடிப்பதைக் கம்போடியச் சட்டம் தடைக்காலத்திலும் அனுமதிக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏரியில் குடியிருப்பவர்களின் நிலையை வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். மூங்கில் தெப்பத்தின் மீதும் பீப்பாய்களின் மீதும் வீடு கட்டி, நீர் ஏற இறங்க வீட்டையே இழுத்துக்கொண்டு இடம் மாறும் குடும்பங்கள் அவை. ஒரு சென்ட் நிலம் கிடையாது. அரிசி, எண்ணெய், படகுக்கு டீசல் எல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் காசு மீனை விற்றால்தான் வரும். மீனைத் தின்னலாம், விற்று அரிசி வாங்கக் கூடாது என்றால் அந்தச் சலுகை பாதி வயிற்றுக்குத்தான் ஆகும்.

கடன் வேறு. படகுக்கும் வலைக்கும் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்ததை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுத்தாக வேண்டும். தடைக்காலம் வந்தது என்று வட்டி நிற்பதில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படகை எடுப்பவரைத் திருடன் என்று சொல்லும் முன், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏரியை உண்மையில் காலி செய்யும் கருவிகள் வேறு. மூங்கில் கம்புகளை வரிசையாக நட்டு, கொசுவலை போன்ற பொடிக்கண் வலையைக் கட்டி, நூற்றுக்கணக்கான மீட்டருக்கு வேலி போடுகிறார்கள். வேலியில் முட்டிய மீன் அதன் ஓரமாகவே நீந்திப் போய், கடைசியில் இருக்கும் பட்டியில் விழும். விரல் நீளக் குஞ்சும் தப்பாது. பேட்டரியை வைத்துத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது இன்னொரு கொடுமை. கம்பி வளையம் பட்ட இடத்தில் மீன்கள் விறைத்து மிதக்கும், வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு படகு நகர்ந்துவிடும். பெரிய வேலி போடுவதற்குப் பெரிய முதல் வேண்டும், கண்டுகொள்ளாமல் இருக்க ஆளும் வேண்டும். ஏழை மீனவருக்கு இரண்டும் கிடையாது. கிராம மீனவர் குழுக்கள் தாமே ரோந்து போகின்றன. ஆனால் அவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை. பல சமயம் படகுக்கு எண்ணெயும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம் தொட்டு, ஏரியின் வளமான பகுதிகள் ஏலத்தில் குத்தகைக்குப் போய்க்கொண்டிருந்தன. குத்தகைதாரரின் காவலாளிகளுக்குப் பயந்துதான் ஊர்க்காரர்கள் மீன் பிடித்தார்கள். 2012இல் அரசு குத்தகைகள் அனைத்தையும் ஒழித்தது. நல்ல முடிவு என்றே சொல்வேன். ஆனால் குத்தகைதாரர் போன இடத்தில் காவலுக்குப் போதிய ஆளும் பணமும் வைக்கவில்லை. பொடிக்கண் வலைகள் அந்த இடைவெளியில் நுழைந்தன. பெரிய மீன் இனங்கள் அருகிப்போக, சிறுமீன்களே வலையில் மிஞ்சுகின்றன.

மீன் குறைவதற்கு மீனவர் கையில் இல்லாத காரணமும் ஒன்று உண்டு. மேகொங்கின் மேல்பகுதியில் சீனாவும், கீழே லாவோசும் அணைகள் கட்டியிருக்கின்றன. 2019இல் வறட்சியும் சேர்ந்துகொள்ள, வெள்ளம் தாமதமாக வந்து சீக்கிரமே வடிந்தது. 2020இலும் ஏரி சரியாக நிறையவில்லை. தண்ணீர் காட்டுக்குள் ஏறாத ஆண்டில், தடையை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் குஞ்சு வளர இடம் ஏது?

தடை நாட்களில் அரிசிக்கு வழி செய்வது முடியாத காரியமல்ல. கம்போடிய அரசிடம் ஏழைக் குடும்பங்களின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. கொரோனாக் காலத்தில், 2020 ஜூனிலிருந்து, அந்தப் பட்டியலில் இருந்து ஏழை அட்டை பெற்ற குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் போனது. அதே வழியில் ஏரிவாசிகளுக்கு நான்கு மாதமும் உதவி தரலாம். வேலி போடும் முதலாளியைப் பிடிப்பதற்கான தார்மீக பலமும் அதன் பிறகுதான் அரசுக்கு வரும். அப்போதும் ஒரு கூட்டம் விடுபட்டுப் போகும். தலைமுறைகளாக ஏரியில் வாழும் வியட்நாமிய வம்சாவளியினரில் பலருக்குக் குடியுரிமைச் சான்றே இல்லை. அதனால் நிலம் வாங்க முடியாது, ஏழை அட்டையும் அவர்களுக்கு எட்டாது. உதவித் திட்டம் எழுதுகிறவர்கள் முதலில் அவர்கள் பெயரைச் சேர்ப்பதற்கு வழி காண வேண்டும்.