உங்களுக்குத் தெரியுமா? கிராம் பார்த்துப் பறக்கும் குட்டி விமானங்கள்

ரிமோட்டில் பறக்கும் சிறு மின்விமானம் ஒன்றைச் சொந்தமாகச் செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது மோட்டார். கடைசியில் யோசிப்பது எடை. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஏன் என்பது கீழே துணுக்குத் துணுக்காக வரும்.

● பேட்டரியில் ஓடி, ரேடியோ கட்டுப்பாட்டில் பறந்த முதல் மாதிரி விமானம் என்று பதிவாகியிருப்பது பிரிட்டனில் 1957 ஜூன் 30 அன்று பறந்த 'ரேடியோ குயின்'. பறக்கவிட்டவர் கர்னல் எச். ஜே. டாப்ளின். அதில் இருந்தது வெள்ளி-துத்தநாக பேட்டரி. வெள்ளியைப் போட்டுச் செய்த பேட்டரியை வாரம் ஒரு முறை மைதானத்துக்குக் கொண்டுபோக எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? அதன் பிறகும் பல ஆண்டுகள் இந்தப் பொழுதுபோக்கில் எண்ணெய் தெறிக்கும் குட்டி எஞ்சின்களின் ராஜ்ஜியம்தான்.

● எத்தனை வாட் மோட்டார் வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன் தராசைக் கேளுங்கள். பேட்டரி, ரிசீவர், சர்வோ எல்லாம் ஏற்றிய பிறகு விமானம் மொத்தம் எத்தனை கிராம் என்பதுதான் முதல் எண். அனுபவசாலிகள் கையாளும் கணக்கு இது: சாதுவாக மிதக்கும் விமானத்துக்குக் கிலோவுக்கு 110 முதல் 150 வாட், பழகுவதற்கான டிரெய்னருக்கு 150 முதல் 200, குட்டிக்கரணம் போடுவதற்கு 200 முதல் 240. புரொப்பல்லரில் தொங்கிக்கொண்டு செங்குத்தாக நிற்கும் சாகசத்துக்கு 300-ஐயும் தாண்டும். ஃபோம் போர்டில் செய்த 800 கிராம் டிரெய்னர் என்றால் 120 முதல் 160 வாட் போதும். 11.1 வோல்ட் (மூன்று செல்) பேட்டரியில் இது 11 முதல் 15 ஆம்பியர் வரை வரும். அதற்கு மேல் ஒரு தாராளம் வைத்து 20 அல்லது 30 ஆம்பியர் தாங்கும் இ.எஸ்.சி. எடுத்தால் வேலை முடிந்தது. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சர்க்யூட்தான் இ.எஸ்.சி.) 'இருக்கட்டுமே' என்று இரண்டு மடங்கு பெரிய மோட்டாரை மாட்டினால் அதற்கேற்ற பேட்டரி வேண்டும், அந்த எடையைத் தாங்க இறக்கை வலுவாக வேண்டும், வலுவான இறக்கை இன்னும் எடை கூடும். 800 கிராம் விமானம் 1,200 கிராமாவது இப்படித்தான்.

● ஒரே மோட்டாரை ஒரு கடையில் 2212 என்றும் இன்னொரு கடையில் 2830 என்றும் விற்பார்கள். இரண்டும் சரி. உள்ளே செம்புக் கம்பி சுற்றிய பகுதியின் குறுக்களவு 22 மில்லிமீட்டர், உயரம் 12 என்பது முதல் கணக்கு. வெளிக்கூடு ஏறக்குறைய 28 மில்லிமீட்டர், நீளம் 30 என்பது இரண்டாவது கணக்கு. பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

● அதே பெட்டியில் '1000 கே.வி.' என்றும் போட்டிருக்கும். கிலோவோல்ட் என்று பயந்துவிடாதீர்கள். சுமையில்லாமல் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் ஆயிரம் சுற்று என்பதே பொருள். கே.வி. அதிகமென்றால் மோட்டாருக்குச் சக்தி அதிகம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் கே.வி. கூடக் கூட, ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் முறுக்குவிசை குறைந்துகொண்டே போகும். அதனால் சிறு புரொப்பல்லரை வேகமாகச் சுழற்ற அதிக கே.வி., பெரிய புரொப்பல்லரை நிதானமாகச் சுழற்றக் குறைந்த கே.வி. மெதுவாகப் பறக்கும் டிரெய்னருக்குப் பொருந்துவது இரண்டாவது வகை.

● மோட்டார் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே முடிவு செய்வதில்லை. முடிவு செய்வது புரொப்பல்லர். மைதானத்துப் பேச்சில் சொன்னால், ப்ராப். இந்த ஒன்று புரிந்தால் எரிந்துபோகும் மோட்டார்களில் பாதி தப்பித்துவிடும்.

ப்ராப்பின் மேல் 9 × 4.5 என்று இருந்தால் விட்டம் 9 அங்குலம். திருகு போல நழுவாமல் முன்னேறினால் ஒரு சுற்றுக்கு 4.5 அங்குலம் போகும், இதுதான் பிட்ச். அதைக் கழற்றிவிட்டு 10 × 4.5 மாட்டுகிறீர்கள். ஒரே ஓர் அங்குலம்தானே? அதே வேகத்தில் சுழற்ற ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி தேவைப்படும், ஏனெனில் விட்டத்தின் நான்காம் அடுக்கில் சுமை ஏறுகிறது. பேட்டரியை மாற்றுவது இதைவிட ஆபத்து. இரண்டு செல் பேட்டரியில் ஒழுங்காக ஓடிய மோட்டாருக்கு, ப்ராப்பை மாற்றாமல் மூன்று செல் கொடுத்தால் சுற்று வேகம் ஒன்றரை மடங்கை நெருங்கும். ஆம்பியர் இரண்டே கால் மடங்கு, வாட் மூன்று மடங்குக்கும் மேல். நிஜத்தில் இவை சற்றுக் குறையும், ஆனால் புகை வருவதற்கு இதுவே தாராளம். கம்பிச்சுற்றில் எழும் வெப்பமோ ஆம்பியரின் இருமடியில் ஏறும். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கிவிடும். ஆகவே பேட்டரி ஒரு செல் கூடினால் ப்ராப் சிறுக்க வேண்டும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவே வாட்மீட்டரை மாட்டி, விமானத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழு திராட்டிலில் சில விநாடி ஓட்டினால் உண்மை திரையில் நிற்கும். என் கருத்தில், இரண்டாவது மோட்டார் வாங்கும் காசில் வாங்க வேண்டிய கருவி இதுதான். தரையில் காட்டுவதைவிட வானத்தில் ஆம்பியர் பொதுவாகக் குறைவாகவே இருக்கும், ஏனெனில் எதிரே வரும் காற்று ப்ராப்பின் சுமையைக் குறைக்கிறது.

● ப்ராப் நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுழல்கிறது, பிட்ச் 4.5 அங்குலம் என்றால் அது காற்றைத் தள்ளும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். விமானம் நிலைகுலைந்து விழும் வேகத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு இது இருந்தால் நல்ல ஜோடி.

● 'ஸ்லோ ஃபிளையர்' என்று விற்கும் மெல்லிய ப்ராப்களுக்கு வேக வரம்பு உண்டு. ஏ.பி.சி. நிறுவனம் தன் ஸ்லோ ஃபிளையர்களுக்குத் தரும் சூத்திரம்: 65,000-ஐ அங்குல விட்டத்தால் வகுத்தால் வருவது உச்ச வேகம். பத்து அங்குலத்துக்கு 6,500 சுற்று. 1000 கே.வி. மோட்டார், மூன்று செல் பேட்டரி என்ற மிகச் சாதாரணமான கூட்டணியே இதைத் தாண்டிவிடக் கூடும். சுழலும் ப்ராப்புக்கு நேர் பக்கவாட்டில் ஏன் நிற்கக் கூடாது என்று இப்போது தெரிகிறதா?

● மாதிரி விமான மோட்டார் ஒரு சிறுவனைச் சுமந்துகொண்டு பறந்திருக்கிறது. 1980 மே 18, கலிபோர்னியாவின் ஷாஃப்டர். பால் மக்கிரெடி வடிவமைத்த 'காசமர் பென்குயின்' சூரிய ஒளியில் பறந்தபோது அதில் இருந்தது ஆஸ்ட்ரோ ஃபிளைட் நிறுவனத்தின் 'ஆஸ்ட்ரோ 40'. பொழுதுபோக்கு விமானங்களுக்காகச் செய்த மோட்டார் அது. சூரியத் தகடுகள் கொடுத்ததே 541 வாட்தான். அதற்குள் அடங்க வேண்டுமே, ஆகவே ஓட்டியவர் மக்கிரெடியின் 13 வயது மகன் மார்ஷல். எடை 36 கிலோ. ஆள் இல்லாத விமானமோ 31 கிலோ! கிராம் பார்ப்பதென்றால் இப்படிப் பார்க்க வேண்டும்.

கதை அங்கே நிற்கவில்லை. மக்கிரெடி நிறுவிய ஏரோவைரன்மென்ட் நிறுவனம்தான் பின்னாளில் செவ்வாயில் பறந்த 'இன்ஜெனுயிட்டி' ஹெலிகாப்டரின் சுழலிறக்கைகளையும் அவற்றைச் சுற்றும் பிரஷ்லெஸ் மோட்டார்களையும் செய்தது. மொத்த எடை 1.8 கிலோ. உள்ளே ஆறு லித்தியம்-அயான் செல்கள், கடையில் கிடைக்கும் 18650 ரகம். பூமிக் காற்றின் அடர்த்தியில் ஒரு விழுக்காடளவே உள்ள காற்றில், 1.2 மீட்டர் சுழலிறக்கைகளோடு 2021 ஏப்ரல் 19 அன்று எழும்பியது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 72 முறை பறந்தது.

● இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'அவுட்ரன்னர்' மோட்டாரின் பூர்வீகங்களில் ஒன்று பழைய கம்ப்யூட்டர். 2000-களின் தொடக்கத்தில் பொழுதுபோக்குக்காரர்கள் பழுதான சிடி டிரைவ்களைப் பிரித்து, தட்டைச் சுழற்றும் மோட்டாரை எடுத்து, செம்புக் கம்பியை மறுபடி சுற்றி, வலுவான நியோடிமியம் காந்தங்களை ஒட்டி விமானத்தில் மாட்டினார்கள். வெளிக்கூடே சுழல்வதால் முறுக்குவிசை அதிகம், கியர் தேவையில்லை, பிரஷ் தேய்வதில்லை. கடைக்காரர்கள் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்.

● லிப்போ (லித்தியம்-பாலிமர்) பேட்டரியின் ஒரு செல் 3.7 வோல்ட். முழுக்க ஏறினால் 4.2. அதற்கு முந்தைய தலைமுறையின் நிக்கல்-காட்மியம் செல் 1.2 வோல்ட்தான். மூன்று லிப்போ செல் செய்யும் வேலைக்கு ஒன்பது நிக்கல் செல் அடுக்க வேண்டியிருந்தது, அதுவும் உலோகக் கூட்டோடு. குட்டி விமானங்கள் எஞ்சினை விட்டு மின்சாரத்துக்கு மாறியது எதனால் என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

● பேட்டரி அட்டையில் உள்ள '25சி' என்பது, கொள்ளளவைப் போல 25 மடங்கு ஆம்பியர் தரமுடியும் என்ற வாக்கு. 2,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 55 ஆம்பியர். பைக் விளம்பரத்தில் சொல்லும் மைலேஜை எவ்வளவு நம்புவீர்களோ அவ்வளவு நம்புங்கள். உங்கள் தேவை 15 ஆம்பியர் என்றால் 25சி பேட்டரி முதுகு வளையாமல் ஓடும். 60சி, 80சி என்று தேடிப் போனால் பையில் பணமும் விமானத்தில் இலேசான பறப்பும் போகும், ஏனெனில் அதே கொள்ளளவில் சி கூடினால் பெரும்பாலும் எடையும் கூடும்.

● எத்தனை நிமிடம் பறக்கும்? கொள்ளளவில் 80 விழுக்காட்டை மட்டும் கணக்கில் எடுங்கள். 2.2 ஆம்பியர்-மணியில் அது 1.76. சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால் ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய பேட்டரி மாட்டினால் நேரம் அதே விகிதத்தில் கூடும் என்று நினைக்க வேண்டாம். கூடுதல் எடையைத் தூக்கவே கூடுதல் ஆம்பியர் செலவாகும். திராட்டிலைக் குறைப்பது செலவில்லாத வழி: ப்ராப்பின் சுற்று வேகம் பாதியானால் அது கேட்கும் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும்.

● 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்ட ஒரு மாதிரி விமானம், 38 மணி 52 நிமிடம் பறந்து அயர்லாந்தில் இறங்கியது. மேனார்ட் ஹில் குழுவினர் செய்த 'டேம்-5'. புறப்படும்போது ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதில் ஏறக்குறைய பாதி எரிபொருள். எரிய எரிய விமானம் இலேசானது. பேட்டரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காலியானாலும் அதே எடையோடுதான் இறங்க வேண்டும். ஒரு கிலோ லிப்போவில் அடங்குவது 130 முதல் 150 வாட்-மணி, ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12,000. மோட்டாரின் திறன் எஞ்சினைவிடப் பல மடங்கு மேல் என்பதால்தான் நாம் பறக்கவே முடிகிறது.

● நீண்ட நேரம் நிதானமாகச் சுற்றுவதே ஆசை என்றால் லிப்போவை விட்டு 18650 செல்களைப் பாருங்கள். அதே எடையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி வைத்திருக்கும். ஆனால் திடீரென அதிக ஆம்பியர் கேட்டால் தளர்ந்துவிடும். இதற்கும் பணிவான மோட்டார்தான் துணை.

● மூக்குப் பக்கம் எடை போதவில்லை என்று ஈயத்துண்டு ஒட்டுபவர்கள் உண்டு. பேட்டரியை முன்னே நகர்த்த இடம் விட்டுச் செய்திருந்தால் அந்த ஈயம் தேவைப்பட்டிருக்காது. விமானத்தில் தனித்த மிகக் கனமான பொருள் பெரும்பாலும் பேட்டரிதான். அதன் இடத்தை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள்.

● லிப்போவை முழுக்க ஏற்றி வாரக்கணக்கில் வைப்பதும், முழுக்க வடித்து வைப்பதும் அதைக் கெடுக்கும். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பதே பழக்கம், சார்ஜரில் அதற்குத் தனி 'ஸ்டோரேஜ்' பொத்தான் இருக்கும். பேட்டரி உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். ஊசியால் குத்தி வாயுவை எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரிடமிருந்தும் பேட்டரியிடமிருந்தும் விலகி நில்லுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப் போவதும் இதே வகை விஷப்பரீட்சை.

● மாற்று பேட்டரிகளை விமானப் பயணத்தில் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 2,200 அளவு மூன்று செல் பேட்டரி 25 வாட்-மணிக்கும் குறைவு. கவலை வேண்டாம், ஆனால் முனைகளை டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

● எல்லாம் மாட்டியாயிற்று, மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா? பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள், சரியாகிவிடும். பேட்டரிப் பக்கம் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். அங்கே பிளஸ் மைனஸ் மாறினால் இ.எஸ்.சி. அந்த நொடியே புகைந்துவிடும்.