கிட்டங்கி வழியில் ஒரு வலைப்பின்னல்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இன்று ஒரு செய்தி எப்படிப் பரவுகிறது என்று கவனித்தால், எல்லாப் பாதையும் ஒரே வாசலில் போய் முடிவது தெரியும். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலின் உபய அறிவிப்பு, மார்க்கெட் ஸ்திரீட் புடவைக் கடைக்கு வந்திறங்கிய தீபாவளிச் சரக்கு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டம், யாரோ காலமான தகவல், ரத்தம் வேண்டும் என்ற அவசரக் குரல் எல்லாமே வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக் பக்கங்களிலும்தான் ஓடுகின்றன. இரண்டுக்கும் உடைமையாளர் மெட்டா என்ற ஒரே நிறுவனம். 2021 அக்டோபர் 4 அன்று அந்த நிறுவனத்தின் சேவைகள் உலகெங்கும் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின. மலேசியாவில் அப்போது நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் உறங்கிய நேரம் என்பதால் இங்கே பலருக்கு அது தெரியாமலே போயிற்று. தைப்பூசத்தன்று காலையில் நடந்திருந்தால், இரதம் எங்கே வருகிறது என்பதிலிருந்து காணாமல்போன குழந்தை எந்தத் தண்ணீர்ப்பந்தலில் இருக்கிறது என்பதுவரை கேட்டுச் சொல்ல வேறு வழி இருந்திருக்காது.

சில மணி நேரத் தடையைப் பொறுத்துக்கொள்ளலாம். பேசியதெல்லாம் ஒரேயடியாக அழிந்துபோவதுதான் பெரிய இழப்பு, அதைத் தமிழர்கள் ஏற்கெனவே பட்டு அறிந்திருக்கிறார்கள். பினாங்குக்கு வடக்கே, கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் வாழ்ந்து மறைந்த மருத்துவர் எஸ். ஜெயபாரதி, 'அகத்தியர்' என்ற பெயரில் யாகூ குழுமம் ஒன்றை நடத்திவந்தார். பழந்தமிழ் இலக்கியம், வரலாறு, வழிபாடு, சித்தர் மரபு என்று பல துறைகளில் அவர் எழுதிக் குவித்ததும், பல நாட்டுத் தமிழர்கள் அவரிடம் கேட்டுத் தெளிந்ததும் அங்கேதான். 'மரத்தடி', 'ராயர் காபி கிளப்' போன்ற தமிழ்க் குழுமங்களும் அதே யாகூவில் செழித்தன. இன்று அறியப்பட்ட எழுத்தாளர்கள் சிலர் தொடக்கத்தில் எழுதிப் பழகிய இடங்கள் அவை. 2019 அக்டோபரில் யாகூ ஓர் அறிவிப்பு விடுத்தது. குழுமங்களில் சேர்ந்திருந்த பழைய பதிவுகள் அழிக்கப்படும், வேண்டியவர்கள் சில வாரங்களுக்குள் இறக்கிக்கொள்ளலாம் என்றது. அடுத்த ஆண்டு டிசம்பர் 15-இல் குழுமச் சேவையே மூடப்பட்டது. யாகூவின் அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்புதான், 2019 ஏப்ரல் 2-இல், கூகுள் பிளஸ் என்ற சமூகத் தளமும் மூடப்பட்டிருந்தது. எழுதியவர்கள் நம்மவர்கள், எழுத்தும் நம்முடையது. இடம் மட்டும் வேறொருவருடையதாக இருந்தது.

இந்த நிலைக்கு மாற்றாகத்தான் மையமில்லாச் சமூக வலைப்பின்னல்கள் உருவாயின. அவை எப்படி இயங்குகின்றன என்பதைப் புரிந்துகொள்ள பினாங்குத் தமிழர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை நினைத்தால் போதும். ஒரே நீளக் கூடத்தில் பல மார்க்கா வைத்துப் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் தனி விலாசம், தனிப் பெட்டகம், தனிப் பேரேடு. ஒருவர் கணக்கில் மற்றவர் கைவைக்க முடியாது. ஆனாலும் இங்கே எழுதிய உண்டியல் சீட்டு இரங்கூனிலும் கொழும்பிலும் சென்னையிலும் செல்லுபடியானது. கணக்கு எழுதும் முறை எல்லோருக்கும் பொது, ஒப்புக்கொண்ட வாக்கைக் காக்கும் ஒழுங்கும் பொது. கோவிலுக்கென்று ஒதுக்கிய மகமையிலிருந்து பொதுக் காரியங்கள் நடந்தன. தலைமை வங்கி என்று ஒன்று இல்லாமலேயே கடல்கடந்த வணிகம் பல தலைமுறை ஓடியது. இன்றும் தைப்பூச வெள்ளி இரதம் அதே தெருவின் கோவில் வீட்டிலிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது.

மாஸ்டடான் என்ற வலைப்பின்னல் இந்த முறையில்தான் இயங்குகிறது. ஜெர்மனியில் வாழும் ஆய்கன் ரோஹ்கோ என்ற இளைஞர் 2016-இல் அதை வெளியிட்டார். மென்பொருள் எல்லோருக்கும் இலவசம், யாரும் எடுத்துத் தம் சர்வரில் நிறுவலாம். ஒரு பல்கலைக்கழகம் ஒன்றை வைத்திருக்கலாம், ஓர் ஊர்ச் சங்கம் இன்னொன்றை வைத்திருக்கலாம். நீங்கள் ஒரு சர்வரில் கணக்குத் தொடங்கினாலும் மற்ற ஆயிரக்கணக்கான சர்வர்களில் இருப்பவர்களோடு பேசலாம், பின்தொடரலாம். உங்கள் பெயரோடு நீங்கள் எந்தச் சர்வரைச் சேர்ந்தவர் என்பதும் ஒட்டியே வரும். இந்தப் பரிமாற்றத்துக்கான பொது இலக்கணத்தின் பெயர் ஆக்டிவிட்டிபப். உலகளாவிய வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜனவரியில் அதை ஏற்றுக்கொண்டது. அதையே பேசும் பிற மென்பொருள்களும் இருக்கின்றன: படங்களுக்குப் பிக்செல்ஃபெட், காணொளிக்குப் பீர்டியூப். எல்லாம் சேர்ந்த பரப்பை ஃபெடிவெர்ஸ் என்கிறார்கள். புளூஸ்கை வேறு இலக்கணத்தில், ஏடி புரோட்டோகால் என்ற பெயரில், கிட்டத்தட்ட அதே குறிக்கோளை நோக்கி நடக்கிறது. 2024 பிப்ரவரியில் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

தமிழ் எழுதுவோருக்கு இவற்றில் ஒரு நல்ல செய்தி உண்டு. எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) தளத்தில் 'தமிழ்' என்று எழுதினால் அது ஐந்து எழுத்தாகக் கணக்கிடப்படும். இகரக் குறியும் புள்ளியும் அங்கே தனித்தனி எழுத்துகள். மாஸ்டடானும் புளூஸ்கையும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகின்றன; அதே சொல் அங்கே மூன்றுதான், தொல்காப்பியர் காலத்திலிருந்து நாம் எண்ணிவருவதுபோல. மாஸ்டடானில் பொதுவாக 500 எழுத்து, புளூஸ்கையில் 300. தமிழில் ஒரு கருத்தை அவசரமில்லாமல் சொல்ல இது போதும். பதிவு இடும்போது மொழியைத் தமிழ் என்று குறித்தால், தமிழ்ப் பதிவுகளை மட்டும் காண விரும்புவோருக்கு அது போய்ச் சேரும். பலர் இதைக் கவனிப்பதில்லை. குறிப்பது ஒரு நொடி வேலை, விட்டுவிட்டால் பதிவு அவர்கள் கண்ணில் படாமல் போகலாம்.

கண்ணில் படுவது என்பதுதான் இங்கே உண்மையான சிக்கல். ஃபேஸ்புக்கில் அல்காரிதம் ஆள் பிடித்துத் தரும். எதைக் கண்டால் நாம் ஒட்டிக்கொண்டு கிடப்போம் என்று கணித்து முன்னால் கொண்டுவந்து வைக்கும். மாஸ்டடானின் முகப்புப் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. நீங்கள் பின்தொடர்பவர்கள் எழுதியது வரும், எழுதிய நேர வரிசையில் வரும், அவ்வளவுதான். புதிதாகத் திறந்த சர்வரில் நுழைபவருக்கு முதல் நாள் ஒன்றுமே தெரியாது. அவர் பத்துப் பேரைத் தேடிப் பின்தொடர்ந்த பிறகுதான் பேச்சு காதில் விழத் தொடங்கும். 2019 இறுதியில் இந்தியாவில் நடந்தது இதற்குச் சான்று. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. நாஜிகளின் வணக்கத்தைச் செய்ய மறுத்துக் கைகட்டி நின்ற ஒரு தொழிலாளியின் புகழ்பெற்ற படத்தை அவர் முகப்பில் வைத்திருந்தது முதல் காரணம். கோபம் கொண்ட ஆயிரக்கணக்கானோர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். சில வாரங்களில் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்பினர். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை 44 பில்லியன் டாலருக்கு வாங்கியபோது உலக அளவில் அதே அலை இன்னும் பெரிதாக எழுந்தது. மாஸ்டடானின் மாதப் பயனர் எண்ணிக்கை 25 லட்சத்தைத் தொட்டு, பிறகு வடிந்தது.

கோபம் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும். இருக்கவைப்பது அக்கம்பக்கம்தான். தங்கியவர்கள் யார் என்று பார்த்தால் இது விளங்கும்: கணினி நிரலாளர்கள், நூலகர்கள், வானியல் ஆர்வலர்கள், பறவை நோக்குவோர் என்று ஏற்கெனவே ஒருவரை ஒருவர் அறிந்த, பேச ஒரு பொருள் இருந்த கூட்டங்கள். அவர்கள் குழுவாக வந்தார்கள், ஒரே சர்வரில் அருகருகே அமர்ந்தார்கள், ஹேஷ்டேக் ஒன்றை ஒப்புக்கொண்டு விடாமல் பயன்படுத்தினார்கள். புளூஸ்கை 2024-இல் கொண்டுவந்த 'ஸ்டார்ட்டர் பேக்' இதை எளிதாக்கியது. ஒருவர் தாம் நம்பும் ஆட்களின் பட்டியலைத் தொகுத்துவைத்தால், புதிதாக வருபவர் ஒரே சொடுக்கில் அத்தனை பேரையும் பின்தொடரலாம். மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், ஓவியர்கள் என்று மூன்று பட்டியலைப் பொறுப்பாக ஒருவர் தொகுத்தாலே, புதிதாக வருபவருக்கு முதல் நாள் வெறுமை இருக்காது. இதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தெரிய வேண்டியதில்லை, ஊரைத் தெரிந்திருந்தால் போதும்.

தம் பேச்சுக்கான இடத்தைத் தாமே அமைத்துக்கொள்வது மலேசியத் தமிழர்களுக்குப் புதிதும் இல்லை. 1880களிலேயே குலாம் காதிறு நாவலர் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தினார். பின்னாளில் கணினி வந்தபோது, முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு மென்பொருள்தான் உலகத் தமிழர் பலருக்கு முதல் தமிழ் விசைப்பலகை. ஆஸ்திரேலியாவில் குடியேறிய மலேசியர் பாலா பிள்ளை 1990களின் நடுவில் தொடங்கிய தமிழ்.நெட்டில், வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள் தமிழ் எழுத்திலேயே மடல் எழுதிக்கொண்டார்கள். அன்றைய பெருந்தொல்லை ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அனுப்பியது மற்றவர் திரையில் கிறுக்கலாக வரும். அதைத் தீர்க்க எந்த முதலாளியும் வரவில்லை. தன்னார்வலர்கள் பேசிப் பேசித் தகுதரம் என்ற பொதுக் குறிமுறையை வகுத்தார்கள், பிறகு ஒருங்குறிக்கு மாறினார்கள். அதே தலைமுறையின் தொடர்ச்சியாகத்தான் 2001-இல், பினாங்கில் பிறந்து ஜெர்மனியில் வாழும் முனைவர் க. சுபாஷினியும் முனைவர் நா. கண்ணனும் தமிழ் மரபு அறக்கட்டளையை நிறுவினார்கள். மையம் இல்லாமல் ஒரு பொது இலக்கணத்தில் கூடிப் பேசுவது என்பதை நாம் ஒருமுறை செய்தே காட்டியிருக்கிறோம். வசதி கருதி இடையில் கைவிட்டோம்.

இனி கடினமான பகுதி. மலேசியாவில் ஒரு சர்வரை நடத்துபவர் சட்டத்தை அறியாமல் இறங்கக்கூடாது. 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு 2012 ஜூலை 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஓர் இணையத் தளத்தில் வெளியானதை, அதை நடத்துபவரே வெளியிட்டதாக அந்தப் பிரிவு அனுமானிக்கிறது; இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினிக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்ததை இதழாளர்கள் மறக்கமாட்டார்கள். அனுபவம் மிக்க செய்தி நிறுவனத்துக்கே அந்த நிலை. 2025 ஜனவரி 1 முதல் வந்த உரிம விதி, நாட்டில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்குத்தான். சிறு சர்வருக்கு அந்தக் கவலை இல்லை, 114ஏ பற்றிய கவலை முழுமையாக உண்டு. சமயம், இனம், அரச குடும்பம் தொடர்பான ஒரு தடித்த சொல் இங்கே தெருவரை வந்துவிடும். மாரியம்மன் கோவிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சில நிமிட நடைத்தூரத்தில் இருக்கும் ஊர் இது. தமிழ் இந்துக்களும் தமிழ் முஸ்லிம்களும் இரண்டு நூற்றாண்டுகளாக ஒரே கடைத்தெருவில் புழங்கிவருகிறார்கள். அந்தப் புழக்கத்தைக் கெடுக்கும் பதிவை நள்ளிரவிலும் நீக்க ஆள் வேண்டும்.

இதைச் சொல்லி யாரையும் அச்சுறுத்த விரும்பவில்லை. ஏனென்றால் ஊரார் நடத்தும் சர்வரின் பெரும் பலமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், நடுவில் இரண்டு மலாய்ச் சொல், ஒரு ஹொக்கியன் சொல் என்று வரும் பினாங்குப் பேச்சில் எது கேலி, எது வசை என்று வெகுதொலைவில் இருக்கும் ஓர் இயந்திரத்தால் பிரித்தறிய முடிவதில்லை. தாப்பாவ் (பொட்டல உணவு) வாங்க வரிசையில் நிற்கும் பினாங்குக்காரருக்கு அது உடனே தெரியும். அவரே மட்டுறுத்துநர் ஆகலாம். வெறுப்பை வளர்க்கும் வெளிச் சர்வரோடு தொடர்பையே அறுத்துக்கொள்ளும் உரிமையும் ஒவ்வொரு சர்வருக்கும் உண்டு. 2019-இல் அமெரிக்காவின் கேப் என்ற தளம் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, பெரும்பாலான சர்வர்கள் தாமாகவே கதவைச் சாத்தின. எந்தத் தலைமையகமும் ஆணையிடவில்லை.

களைப்புதான் இத்தகைய முயற்சிகளை அதிகம் கொன்றிருக்கிறது. மாஸ்டடான்.லோல் என்ற சர்வர் 2023-இல் மூடப்பட்டது. பல ஆயிரம் பேர் அதில் இருந்தார்கள், நடத்தியவர் ஒருவர். சண்டைகளைத் தீர்த்து வைத்துச் சலித்துப்போய் அவர் விலகினார். பின்தொடர்பவர்களை இன்னொரு சர்வருக்கு மாற்றிக்கொண்டு போக வழி இருந்தது, எழுதிய பதிவுகளைக் கொண்டுபோக வழியில்லை. ஆகவே தனி ஒருவரின் ஆர்வத்தை நம்பி ஒரு சமூகத்தைக் குடியேற்றுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம். சில நூறு பேருக்கான சர்வரின் வாடகை பெரிய தொகை இல்லை. படங்களும் காணொளிகளும் சேரச் சேரச் சேமிப்புச் செலவு ஏறும், அதையும் ஒரு சங்கம் தாங்கும். நேரம்தான் அரிது. வாரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்துப் பார்க்க ஐந்தாறு பேர், அவர்களுள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும், குறைந்தது பாதிப் பேர் பெண்கள். இப்படி அமைந்தால்தான் திறக்க வேண்டும்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கோவில் குழுக்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், வாசகர் வட்டங்கள், வணிகர் சங்கங்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. அவசரச் செய்தி அதிலேயே ஓடட்டும். பள்ளி வரலாறு, பழைய திருமணப் படங்கள், மூடிப்போன கடைகளின் நினைவுகள், ஆசிரியர்களின் பாடக் குறிப்புகள் என்று நிலைக்க வேண்டியவற்றை மட்டும் நம் சர்வரில் முதலில் இட்டு, அங்கிருந்து மற்ற இடங்களுக்குப் பகிர்ந்தால் போதும். மாதம் ஒருமுறை முழுவதையும் ஒரு வன்தட்டில் படியெடுத்துப் பள்ளி நூலகம் ஒன்றில் வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டொமைன் பெயரைக் கவனிக்க வேண்டும். அழகாக ஒலிக்கிறது என்று ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியீட்டில் பெயர் வாங்கிய ஒரு மாஸ்டடான் சர்வர், 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்தப் பெயரைப் பறித்ததால் ஒரே நாளில் முகவரி இழந்தது. மலேசியாவில் .org.my பெயர் பதிவுபெற்ற அமைப்புக்குத்தான் கிடைக்கும். சங்கப் பதிவிலாகாவில் பதிந்த ஒரு தமிழ் அமைப்பு தன் பெயரில் அதை வாங்கி, ஆண்டுக் கட்டணத்தைத் தன் வரவு செலவுக் கணக்கில் சேர்த்து, கடவுச்சொல்லைச் செயலாளரும் பொருளாளரும் வைத்திருக்கும்படி ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால், வேலை தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.