யார் வீட்டு ஆல்பத்திலோ நம் பிள்ளை

கண்டிக்கு அருகே அக்கா வீட்டில் தங்கியிருந்த ஒரு தாயை வேலை நிமித்தம் சந்தித்தேன். 1977 வன்செயலின்போது, சிறுமியாகப் பெற்றோருடன் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தவர். காணாமல்போன மகனின் விபரங்களைப் படிவத்தில் நிரப்பும்போது, "படம் ஏதும் இருக்கா அம்மா?" என்று கேட்டேன். அவர் அழவில்லை. "மொகம் மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு மிஸ்" என்றார்.

சில மாதங்களின் பின் அவருடைய பழைய தோட்டத்தில், ஒரு வீட்டார் பெட்டியடியில் கிடந்த கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு நடந்த கல்யாணம். பந்தியில் தண்ணீர்ச் செம்போடு நின்ற பையன் யாரென்று அந்த வீட்டாருக்குத் தெரியவில்லை. தாய்க்குத் தெரிந்தது. உறவினர்களோடு கல்யாணத்துக்கு வந்திருந்த அவருடைய மகன்தான். பெருவிரல் நகத்தளவே இருந்த அந்த முகத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிக் கொடுத்தோம்.

சகோதரிகளே, போரில் வீடு, நகை, காணி உறுதி எல்லாம் இழந்தோம். அவற்றோடு படங்களும் போயின. பயத்தினால் தாமே கிழித்து எரித்தவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் நம் வீட்டுப் படம் போனாலும், நாம் போன கல்யாணம், பூப்புனித விழா, பள்ளிக்கூட விழாப் படங்கள் வேறு யார் வீட்டிலோ இருக்கக்கூடும். அதுபோலவே, நம் வீட்டில் கிடக்கும் 'யாரென்று தெரியாத' படம் இன்னொருத்தியின் பிள்ளையுடைய ஒரே படமாக இருக்கலாம்.

2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, சேற்றில் கிடந்த படங்களை மீட்புப் பணியாளர் குப்பையில் போடவில்லை. யமமோட்டோ என்ற ஊரில் மட்டும் தொண்டர்கள் ஏறத்தாழ 750,000 படங்களைக் கழுவி, டிஜிட்டல் பிரதி எடுத்து, உரியவர்கள் தேடியெடுக்கும்படி வைத்தார்கள். தமிழ்நாட்டில் பழைய ஸ்டூடியோப் படங்கள் அழிவதைக் கண்டு, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு அவற்றை டிஜிட்டல் ஆக்கியது. நம் நாட்டில், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நூல்களோடு புகைப்படங்களையும் சேர்த்து வருகிறது. கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், தேயிலைத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் 2007இல் லயக் காம்பராவிலேயே அமைந்தது.

படம் மட்டும் இருந்தால் போதாது, பெயரும் வேண்டும். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறக்கும் வரை தொழிலாளப் பெண்களைப் படம் எடுத்தார். அவை இன்று உலகப் புகழ் பெற்றவை. ஆனால் படத்திலுள்ள பெண்களில் பெரும்பாலோரின் பெயர் எவருக்கும் தெரியாது.

நாம் என்ன செய்யலாம்?

நனைந்து ஒட்டிய பழைய ஸ்டூடியோப் படங்களைப் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு மெல்லப் பிரித்து, முகம் மேலே இருக்க, நிழலில் காயவிடுங்கள். வீட்டுப் பிரிண்டரில் அச்சிட்ட படம் என்றால் தண்ணீர் படக்கூடாது, மை கரைந்துவிடும். கண்ணாடியில் ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். மூலப் படத்தை லெமினேட் செய்ய வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது. பிரதியைச் செய்யலாம்.

நெகட்டிவ்களையும், சிறு அட்டைச் சட்டத்தில் வரும் ஸ்லைட்களையும் வெறும் பிலிம் என்று வீசாதீர்கள். கெமராவுக்குள் இருந்த மூலம் அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முகம் தெரியும். சிறிய படங்களை ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது 600 டிபிஐ அளவில் கேளுங்கள். நெகட்டிவ், ஸ்லைட் என்றால் இன்னும் கூடிய அளவு வேண்டும். வசதியில்லாவிட்டால், பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து கைத்தொலைபேசியில் எடுத்தாலும் போதும். பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள்.

படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டிலுள்ள வயதானவர்களிடம் இன்றே கேளுங்கள். நாளைக்குக் கேட்க அவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிறர் படத்தை உரியவரிடம் கேட்காமல் முகநூலில் போடக்கூடாது. ஒரு படத்தினால் ஆபத்து வந்த காலத்தை நாம் கண்டவர்கள். முதலில் குடும்பத்தின் கையில் கொடுங்கள். மற்றதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

அந்தத் தாய் மகனின் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். மாலை போடவில்லை. "அவன் வந்து பார்க்கட்டும்" என்கிறார். அந்த ஆல்பத்தைப் பழசென்று ஒதுக்காமல் வைத்திருந்த வீட்டாருக்கு, தாம் என்ன காப்பாற்றினோம் என்று அதுவரை தெரியாது. உங்கள் பெட்டியடியிலும் ஒருமுறை பாருங்கள்.