தண்ணீர் புகாத கான்கிரீட் உண்டா?

நம் ஒரத்தநாட்டுப் பக்கம் ஓடும் கல்லணைக் கால்வாயை ஊரில் 'புது ஆறு' என்றுதான் சொல்வோம். 1934-இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாயில் 2021-இல் கான்கிரீட் தளம் போடும் வேலை நடந்தபோது, "தண்ணி மண்ணுக்குள்ள இறங்காதே, போரு வத்திடுமே" என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் கவலை நியாயமானது. அதற்காகக் கான்கிரீட்டில் துளியும் தண்ணீர் புகாது என்று சிவில் படிக்கும் நாமும் நினைத்துவிடக் கூடாது.

இறுகிய சிமெண்ட்டுக்குள் இரண்டு வகைத் துளைகள் உண்டு. ஒன்று ஜெல் துளை. மிகமிக நுண்ணியது, இதனால் பெரிய தொல்லை இல்லை. மற்றொன்று கேப்பிலரி துளை. சிமெண்ட்டோடு சேர்ந்தது போக மிஞ்சிய தண்ணீர் இருந்த இடம்தான் இது. வில்லன் இவன்தான்! இத்துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்தால் கடற்கரை உப்பும், காற்றின் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும்.

நீராட்டி வந்தால் வளரும் ஜெல், இந்த வழிகளை அடைக்கும். எத்தனை நாளில்? பவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1959-இல் கணக்குச் சொன்னார்கள். தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.40 என்றால் 3 நாள், 0.45 என்றால் 7 நாள், 0.50 என்றால் 14 நாள், 0.60 என்றால் 6 மாதம், 0.70 என்றால் ஒரு வருடம். அதற்கு மேல் போனால் அடைபடவே அடைபடாது. இன்றைய சிமெண்ட் இன்னும் நைசாக அரைக்கப்படுவதால் நாள் கொஞ்சம் குறையலாம். ஆனால் வரிசை மாறாது.

இப்போது சைட்டுக்கு வருவோம். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் விகிதம் 0.50. "கலவை கெட்டியா இருக்கு தம்பி, இன்னொரு வாளி ஊத்து" என்பார் மேஸ்திரி. 10 லிட்டர் வாளி ஒன்று ஊற்றினால் 35 லிட்டர், விகிதம் 0.70! 14 நாள் வேலை ஒரு வருட வேலையாகிவிட்டது. ஒரு வருடம் யார் சாக்கு போட்டு நனைப்பார்கள்? இந்திய தரநிலை ஐ.எஸ். 456 (2000), சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராட்டச் சொல்கிறது. மூன்றாம் நாளே நிறுத்துகிற சைட்டுகளும் உண்டு.

நாளை சூப்பர்வைசராக நிற்கப்போவது நாம்தான். கலவை கெட்டியாக இருந்தால் பிளாஸ்டிசைசர் கேளுங்கள், வைப்ரேட்டர் போடுங்கள். அந்த ஒரு வாளியை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். தண்ணீரைக் கலவையில் குறைப்போம். இறுகிய பிறகு தாராளமாக ஊற்றுவோம்!