“எனக்கு ஒண்டும் தெரியாது” என்று எழுதாதீர்கள்

திருநெல்வேலிச் சந்தைக்குக் காலையில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். கீரை விற்கும் அம்மா கட்டுகளின் வேர்ப்பக்கத்தைக் கழுவி, தண்ணீர் தெளித்து, இளங்கீரையை முன்னுக்கு வைத்திருப்பார். “தோட்டத்தால இப்பதான் வந்தது பிள்ளை” என்று ஒரு வார்த்தை சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. உள்ள நல்லதைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிறார், அவ்வளவுதான். இதைப் படித்தவர்கள் சந்தைப்படுத்தல் என்பார்கள். பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்று அதை நான்காக வகுத்து, 1960 இல் ஜெரோம் மக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு நூலே எழுதினார்.

வேலை தேடும் பெண்ணுக்கும் இது உதவும் என்றால், “எங்களை நாங்களே விற்கிறதோ?” என்று சில சகோதரிகள் முகம் சுளிப்பதுண்டு. நியாயமான கேள்விதான். நாம் விலை பேசுவது நம்மையல்ல, நமது உழைப்பையும் கைத்திறனையும். இது மனதில் தெளிவாக இருந்தால் சம்பளம் பேசும்போது குரல் தடுமாறாது.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, வேலை விண்ணப்பத்தில் ‘அனுபவம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். 2009 இல் செட்டிகுளம் முகாமில் பொதுச் சமையல் நடந்தபோது அரிசி, பருப்பு, விறகு எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தவர் அவர். ஊர் திரும்பிய பின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளர். வீட்டில் சாப்பாட்டுப் பொதி கட்டி இரண்டு கடைகளுக்குக் கொடுத்தவர். “இதெல்லாம் அனுபவமே அக்கா?” என்று கேட்டார். அனுபவம்தான். அகதி வாழ்க்கையில் கழிந்த வருடங்களை வெறும் இடைவெளியாக விட்டுவிடுகிறோம். அந்த வருடங்களில் எதைச் செய்தோம், எத்தனை பேருக்குச் செய்தோம், என்ன பொறுப்பு வகித்தோம் என்று எழுதுங்கள். ‘நன்றாகச் சமைப்பேன்’ என்பதைவிட ‘நாள்தோறும் அறுபது பொதி கட்டினேன்’ என்பது முதலாளிக்கு விளங்கும்.

அடுத்தது, யார் வாங்குவார் என்பது. அந்தச் சகோதரி அதுவரை எழுதுநர் வேலைகளுக்கே விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். க.பொ.த. சாதாரண தரத்தோடு நிற்பவருக்கு அந்த வரிசை மிக நீளம். அவரது திறமை தேவைப்படுகிற இடங்கள் உணவகம், விடுதி, வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலை போன்றவை. வரிசையை மாற்றினார்.

சான்றிதழ் இல்லையே என்று ஒதுங்கவும் வேண்டாம். தேசிய தொழிற்றகைமை முறையில் ஏழு மட்டங்கள் உண்டு. வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களும், முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாட்டின் கீழ் தமது திறமையைச் செய்து காட்டி அந்தச் சான்றிதழைப் பெறலாம். தையல், சமையல் போன்ற துறைகளுக்கும் இது பொருந்தும். பிரதேச செயலகத்திலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்திருந்தால் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் எடுக்கலாம். வேலை கண்ணில் பட்ட பிறகு ஓடாமல் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

நேர்முகப் பரீட்சையில் பலருக்கும் தொண்டையை அடைப்பது ஒரே கேள்விதான்: “கணவர் எங்கே?” காணாமற் போனவரைப் பற்றியோ இழந்தவரைப் பற்றியோ முன்பின் தெரியாதவருக்குக் கதை சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கேட்பவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது நீங்கள் ஒழுங்காக வேலைக்கு வருவீர்களா என்பதே. அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: “வீட்டுப் பொறுப்பு என்னிலதான். பிள்ளையள் பள்ளிக்கூடம் போவினம், பின்னேரம் அம்மா பார்ப்பா. நான் எட்டு மணிக்கு நிற்பன்.” துயரத்தை முன்வைத்தால் இரக்கப்பட்டு வேலை தருவார்கள்தான். ஆனால் இரக்கத்தில் தருகிறவர் சம்பளத்தைக் குறைத்தே தருவார், ‘உதவி செய்தேன்’ என்று நெடுநாள் சொல்லியும் காட்டுவார். நான் கண்டது இது.

விலைக்கு வருவோம். மிகக் குறைத்துக் கேட்டால் எடுப்பார்கள் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் தனியார் துறைக்கு ஓர் அடித்தளம் இட்டிருக்கிறது. அந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே பேச்சே இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும், முதலாளி தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் அவருடையதே, உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. “சேமலாப நிதி கட்டுவீங்களோ?” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்டதும் முகம் மாறுகிற இடம் எப்படிப்பட்டது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அந்தச் சகோதரி பிறகு ஓர் உணவகத்துக்குப் போனார். புதிதாக எழுதிய விண்ணப்பத்தோடு, விடியற்காலையில் சமைத்துக் கட்டிய ஒரு சோற்றுப் பொதியையும் கொண்டுபோனார். முதலாளி விண்ணப்பத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “இருபதாயிரம் தரலாம்” என்றார். “முதல்ல இதைச் சாப்பிட்டுப் பாருங்கோ ஐயா” என்று பொதியை மேசையில் வைத்தார். அவர் கைகழுவி வந்த பிறகுதான் சம்பளப் பேச்சு மீண்டும் தொடங்கியது.