தோலுக்கான எண்ணெய்: செக்கையும் கவனியுங்கள்

குளியல் சோப்பு, கால் வெடிப்புக் களிம்பு ஆகியவற்றை வீட்டிலேயே தயாரிப்போர் எண்ணெயைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலக்கடலை, பாதாம், முந்திரி ஆகியவை சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தடிப்பு, அரிப்பு, மூச்சுத் திணறல் உண்டாகும்; சில வேளை உயிருக்கே ஆபத்தாகும். இந்த ஒவ்வாமைக்குக் காரணம் பருப்பிலுள்ள புரதமே. சுத்திகரித்த எண்ணெயில் இது மிகக் குறைவு; செக்கெண்ணெயில் கூடுதல்.

கடலை எண்ணெய் கலந்த களிம்பை அழற்சியுள்ள தோலில் தடவிய குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை அதிகம் இருந்ததை, இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2003-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஒவ்வாமை உள்ளோருக்குச் சூரியகாந்தி, ஆமணக்கு, அரிசித் தவிட்டு எண்ணெய்கள் ஏற்றவை. தேங்காய் எண்ணெயும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். எள் சிலருக்கு ஒவ்வாது என்பதால் நல்லெண்ணெயில் எச்சரிக்கை தேவை.

எண்ணெயின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. கடலை ஆட்டிய செக்கிலேயே தேங்காயும் எள்ளும் ஆட்டுவதுண்டு. செக்கில் ஒட்டிய பிண்ணாக்கு அடுத்த எண்ணெயில் கலந்துவிடும். ஆகவே கடலை ஆட்டாத செக்கில் வாங்குவது, அல்லது சுத்திகரித்து அடைத்த எண்ணெயை வாங்குவது நல்லது. டின், புனல், வடிகட்டும் துணி ஆகியவற்றையும் தனியே வைக்க வேண்டும்.

களிம்புக்கு 4 பங்கு சூரியகாந்தி எண்ணெயுடன் 1 பங்கு தேன்மெழுகு சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி ஆறவிட்டால் போதும்.

விற்பனைக்குத் தயாரிப்போர் சேர்த்த எண்ணெய்கள் அனைத்தையும் உறையில் எழுத வேண்டும். கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூசிப் பார்க்கக் கூடாது.